பூட்டிய வீட்டில் ஏழு யூனிட்

அந்தத் தெருக்களில் அவளுடைய பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. மீட்டரக்கா என்றால் நாய்க்குக்கூடத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாகக் குடிநீர் வாரியத்துக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். ஒரு கையில் குடை, மறு கையில் மூடியைத் தூக்கும் கம்பிக் கொக்கி, தோள்பையில் டார்ச்சும் எண்ணைப் பதியும் சின்ன மெஷினும். குனிந்து, மூடியைத் தூக்கி, குழிக்குள் எட்டிப் பார்த்து, எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த வாசல். இப்படி நாளொன்றுக்கு நூற்றைம்பது வாசல். "இந்த இடுப்புக்கு ஒரு மீட்டர் வச்சிருந்தா அது எப்பவோ சுத்தித் தேஞ்சு போயிருக்கும்" என்பாள்.

வேலை முடிந்து வந்தாலும் அவளுக்குக் கால் தரிக்காது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து அதைத் திறப்பாள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் இடியே விழுந்தாலும் அசையாத மனிதர். "உனக்கு யாராவது கால்ல சக்கரம் மாட்டி விட்டாங்களா?" என்று கேட்பார். அவள் முன்பெல்லாம் இப்படி இருந்தவள் இல்லை. அம்மா போன பிறகுதான் இந்த அலைச்சல். காரணம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா இருந்த வீடு, அவள் பிறந்து வளர்ந்த வீடு, அவள் பார்க்கும் தெருக்களில் ஒன்றிலேயே இருந்தது. அப்பா அதே வாரியத்தில் தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர். அவர் கட்டிய வீடு அது. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, கொல்லைப்புறத்தில் குழாயும் துவைக்கிற கல்லும். பணியில் இருக்கும்போதே அப்பா இறந்ததால் அந்த வேலை பிள்ளைகளில் ஒருவருக்கு என்றார்கள். பெரியண்ணன் அப்போதே ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். தம்பி படித்துக்கொண்டிருந்தான். நடுவில் இருந்தவளுக்கு வேலை வந்தது. அம்மாவும் அவள் பொறுப்பில் வந்தாள்.

அம்மா இறந்து நாலு வருஷம். வீடு பூட்டியே கிடந்தது. சாவி மூன்று, ஆளுக்கொன்று. தம்பி வெளிநாட்டில், அவனுடைய சாவி எந்த டிராயரில் துருப்பிடிக்கிறதோ. அண்ணன் ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, இதே ஊரில் மகனோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தார். அவருக்கு வீட்டில் டைம்டேபிள் என்று பெயர். பல் தேய்ப்பதிலிருந்து படுப்பது வரை எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துத்தான். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு உலகமே தடம் புரண்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "ஆளில்லாத வீட்டைக் கட்டிக்கிட்டு அழுவானேன்? வித்துத் தொலைப்போம்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். வாங்கவும் ஒருத்தரைப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

அவளும் சரி என்றுதான் சொன்னாள். பூட்டிய முதல் வருஷம் இரண்டு வாரத்துக்கொரு தரம் போய்ப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். உள்ளே ஐந்து நிமிஷம் நின்றால் போதும், நெஞ்சுக்குள் யாரோ உரலைப் போட்டு இடிக்கிற மாதிரி இருக்கும். அம்மாவின் அறைக் கதவை அவள் தொட்டதே இல்லை. பிறகு போவதையே விட்டுவிட்டாள். மீட்டர் வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில். இரண்டு மாதத்துக்கொரு தரம் யாரோ வீட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்ப்பாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு தரமும் அதே எண்தான். தட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அன்று காலை அது ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பது.

தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று கண்ணாடியைத் துடைத்தாள். டார்ச் அடித்தாள். பத்தொன்பதேதான். குழாய் கசிந்தால் மீட்டருக்குள் இருக்கிற சின்னச் சிவப்புச் சக்கரம் மெதுவாகவேனும் சுற்றும். அது செத்த ஈ மாதிரி அசையாமல் கிடந்தது. அப்படியானால் கசிவு இல்லை. யாரோ திறக்கிறார்கள், மூடுகிறார்கள். ஏழு யூனிட் என்றால் ஏழாயிரம் லிட்டர். பேயாகவே இருந்தாலும் இவ்வளவு தண்ணீர் எதற்கு?

எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிற பெண்மணி வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா, உங்க வீட்டையே அப்படிப் பாக்குறீங்க? ஆளுங்க வந்திருக்காங்கல்ல?"

"யாரு?"

"பாக்கல. ரெண்டு மாசமா பதினோரு மணி வாக்குல பின்பக்கம் துணி துவைக்கிற சத்தம் கேக்கும். நீங்கதான்னு நினைச்சேன்."

பையிலேயே கிடந்த சாவியை எடுத்து உள்ளே போனாள். கூடம் முழுக்க விரல் கனத்துக்குப் புழுதி. அதன் நடுவே வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை ஒற்றையடிப்பாதை மாதிரி ஒரு தடம் மட்டும் சுத்தமாக இருந்தது. வேறெதையும் யாரும் தொடவில்லை. கொல்லையில் புதிதாகக் கட்டிய கொடி, ஒரு வாளி, கல்லின் ஓரத்தில் பாதி கரைந்த சோப்பு.

அன்று மீதித் தெருவில் அவள் பதிந்த எண்கள் பாதி தப்பு. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"திருடனா இருக்குமோ?"

"சோப்புப் போட்டுத் துணி துவைக்கிற திருடனா? அப்படி ஒருத்தன் இருந்தா நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லு. வாரம் ரெண்டு நாள் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். பத்து மணிக்கே போய் உள்ளே பூட்டிக்கொண்டாள். உட்கார நினைத்தாள், முடியவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் அந்தச் சுத்தமான தடத்தை மிதிக்காமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். சரியாகப் பதினோரு மணிக்குச் சாவி போடும் சத்தம் கேட்டது. சட்டென்று சமையலறைக்குள் ஒதுங்கினாள்.

வந்தவர் அண்ணன்.

இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. இப்படி அப்படிப் பார்க்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பையும் இரண்டு பைஜாமாவையும் எடுத்து வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தார். சமையலறை ஜன்னல் வழியாக அந்த வாடை அவளிடம் வந்து சேர்ந்தது.

அந்த வாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் பதினோரு மாதம் அம்மா படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். தினமும் வேலைக்குப் போகும் முன் இதே கல்லில் விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் அவள் போனாள். அப்போது வெளியூரில் வேலையாக இருந்து ஒருமுறை வந்த அண்ணன் அறை வாசலிலேயே நின்றார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "எப்படி இந்த நாத்தத்துல இருக்கே? ஏதாவது ஹோம்ல விட்டுடலாமே" என்றார். அம்மாவுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு மகளின் மனதில் விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

"அண்ணா."

அவர் திடுக்கிடவில்லை. நுரையோடு நிமிர்ந்தவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு உனக்கு டியூட்டி இல்லையா?"

அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"இப்ப நாத்தம் வரலியா?"

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் வாளியில் வழிந்து ஓடியது. அவர் குனிந்து அதை மூடினார்.

"வருது" என்றார். "அதனாலதான் இங்க வரேன். அங்க இருக்கிறது ஒரே பாத்ரூம். மருமக நல்ல பொண்ணுதான், ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா பேரப் பிள்ளைங்க மூக்கைப் பொத்தினா என்னால தாங்க முடியாது, பாப்பா."

பாப்பாவுக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

அவர் விரிப்பைத் தனியாகப் பிழிய முயன்றார். ஒரு முனை முறுக்கினால் மறு முனை அவிழ்ந்தது. அவள் போய் மறு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்கினார்கள்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் ஆகப் போகுது."

"டாக்டர்கிட்ட?"

"வயசுக்கு எந்த டாக்டர் மருந்து குடுப்பார்?"

"வீட்டை விக்கணும்னு நீங்கதானே தலைகீழா நின்னீங்க? வித்துட்டா இதை எடுத்துக்கிட்டு எங்க போவீங்க?"

"விக்கணும்னு சொன்னப்ப இது இல்லையே. இப்ப எந்த முகத்தோட வேணாம்னு சொல்றது? யாருக்கும் சொல்லிடாதே. உன் வீட்டுக்காரருக்குக்கூட."

சரி என்று தலையாட்டினாள்.

அவரை டாக்டரிடம் கூட்டிப் போக அவளுக்கு ஒன்பது நாள் சண்டை தேவைப்பட்டது. கடைசியில், "வரலைன்னா உங்க மருமககிட்ட நானே சொல்லுவேன்" என்று மிரட்டித்தான் கிளப்பினாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து, ஒலிபெருக்கியே தேவையில்லாத குரலில், "யூரின் கண்ட்ரோல் இல்லாத பேஷண்ட் யாருங்க?" என்று கேட்டாள். முப்பத்துநாலு வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்த மனிதர் நாற்காலிக்குள் நத்தையாய்ச் சுருண்டு போனார். நாற்பது தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அவள் கையைத் தூக்கினாள். "நாங்கதான்."

புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை, அப்புறம் ஒரு சின்ன ஆபரேஷன். முழுக்க நிற்காது, ஆனால் குறையும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு அந்தக் கொல்லைப்புறம் வேண்டும். அவள் தம்பிக்குப் போன் போட்டு, விற்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று கேட்டாள்.

"எதுக்குக்கா? ஆள் ரெடியா இருக்கார். நீதானே சரின்னு சொன்னே?"

"சொன்னேன். இப்ப ஆறு மாசம் வேணும்."

"காரணம்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"திடீர்னு அந்த வீட்டு மேல என்ன பாசம்? மனசுல ஏதாவது இருந்தா நேரா சொல்லு. சுத்தி வளைக்காதே."

ஒரு வாரத்துக்குள் உறவுக்குள் செய்தி பரவிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்ட சாக்கில் வீட்டை அமுக்கப் பார்க்கிறாள் என்று அத்தை மகள் ஒருத்தி சொன்னதாக இன்னொருத்தி சொன்னாள். கணவரே ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "உனக்கு அந்த வீடு வேணும்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். படுத்தவர் எழுந்து உட்கார்ந்து கேட்டதுதான் அவளுக்கு வலித்தது. பதிலாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

தன் சுற்றை மாற்றிக்கொண்டு தினமும் பதினோரு மணிக்கு அங்கே போனாள். அண்ணன் துவைப்பார், அவள் பிழியக் கை கொடுப்பாள். பன்னிரண்டேகாலுக்கு அவர் முந்தைய நாளின் காய்ந்த துணியை மடித்துப் பையில் வைத்துக் கிளம்புவார். பேச்சு அதிகம் இல்லை. ஆனாலும் அந்த நேரம் வருமுன்பே அவளுக்குப் பரபரப்பாக இருக்கும். வந்துவிட்டால் எப்போது முடியும் என்றிருக்கும்.

ஒருநாள் அவர் கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்து அம்மாவின் அறைக் கதவைத் திறந்தார். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார்.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாளா?"

இந்தக் கேள்விக்கு அவள் ஒரு பதிலை வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தாள். 'ஒருநாளும் கேக்கல.' அதை முகத்தில் வீசிவிட்டுப் போய்விட வேண்டும் என்று எத்தனையோ தரம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது வந்தது வேறு.

"தினமும் கேட்டாங்க."

அவர் திரும்பினார்.

"நீங்க ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் போன் பண்ணுவீங்கல்ல? நான் என்ன சொல்லுவேன்?"

"தூங்குறாங்கன்னு சொல்லுவே."

"தூங்கல. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. போனைக் குடுன்னு கையை நீட்டுவாங்க. நான் குடுக்கல. மூணு மாசம் குடுக்கல. நீங்க மூக்கைப் பொத்தினீங்கல்ல, அந்தக் கோவம். அப்புறம் ஒருநாள் கையை நீட்டுறதை நிறுத்திட்டாங்க."

அவர் கொல்லைக்குப் போனார், சட்டையை மாட்டினார், பையை எடுத்தார். பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். துணிகளை வாளியிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். மணி பதினொன்று இருபது. தன் வாழ்நாளில் அவர் ஓர் இடத்தைவிட்டு நேரத்துக்கு முன்னால் கிளம்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்தத் துணிகளை அவளே துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனை எடுக்கவில்லை. பத்தொன்பது நாள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் போய் மீட்டர் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், எண் நகரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாரா? எங்கே துவைக்கிறார்? துவைக்கிறாரா, இல்லை ஈரத்தை மறைத்துப் படுக்கிறாரா? யாரைக் கேட்பது? வேறொரு தெருவில் யாரோ ஒரு கிழவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு அவள் கவனப்பிசகில் லாரி லாரியாகத் தண்ணீர் பதிந்துவிட, மேலதிகாரி கூப்பிட்டு, "என்னம்மா, தாத்தா வீட்டுக்குள்ள நீச்சல்குளம் கட்டியிருக்காரா?" என்று கேட்டார். அவள் சிரிக்கக்கூட இல்லை.

இருபதாம் நாள் தம்பியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையின் ஒரு கட்டத்தில் தம்பி, இன்னொன்றில் அண்ணன். அண்ணனுக்குப் பின்னால் சோபாவில் அவருடைய மகனும் மருமகளும். இவள் பக்கம் கணவரும் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பழைய மைக் குரல் வந்தது.

"எல்லாரும் கவனமாக் கேளுங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன். எனக்கு மூத்திரம் நிக்கிறதில்லை. துணி துவைக்க அந்த வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன். ஆறு மாசம் வேணும்னு அவ கேட்டது எனக்காக. நான் சொல்லக் கூடாதுன்னு சொன்னதால வாயைத் திறக்கல. இனிமே அவ மேல யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இங்க வீட்டுல சொல்லிட்டேன், ஏற்பாடு பண்ணிட்டாங்க. வீட்டை வித்துடலாம்."

"அக்கா..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"இரு, முடிக்கல. எனக்கும் அவளுக்கும் நடுவுல இன்னொரு விஷயம் இருக்கு. அது யாருக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். ஒரு தடவைகூட அவளை நேராகப் பார்க்கவில்லை.

கணவர் அவள் தோளில் கை வைத்தார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "சொல்லாததும் சரிதான்" என்றார்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தார்கள். அண்ணன் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழுக்கே வந்தார். அவள் சமையலறையில், அவர் கூடத்தில். "இதைப் பிடி", "அதை நகத்து" என்பதைத் தவிரப் பேச்சில்லை. மத்தியானம்வரை அம்மாவின் அறையை இரண்டு பேருமே தள்ளிப்போட்டார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் தள்ளுவண்டியோடு நின்று அவசரப்படுத்திய பிறகுதான் அவள் உள்ளே போனாள். இரும்புக் கட்டில் அப்படியே கிடந்தது. சுவரில் அம்மா தலை உரசிய இடம் மங்கிப் போயிருந்தது. ஜன்னலில் ஒரு மாத்திரை அட்டை, எறும்பு தின்ற பாதிப் பிஸ்கட் பாக்கெட். வேறொன்றும் இல்லை. இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தோம் என்று நினைத்தபோதே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். நின்றவர் உள்ளே வந்தார்.

"நீ கால்பக்கம் பிடி. தலைப்பக்கம் கனம், அது எனக்கு."

தூக்கினார்கள். கதவில் இடிக்காமல் சாய்த்து எடுக்க வேண்டியிருந்தது. கட்டில் பாதி உள்ளே பாதி வெளியே இருந்தபோது அவர் சொன்னார்:

"தூங்குறாங்கன்னு நீ சொல்லும்போது எனக்கு நிம்மதியா இருக்கும், பாப்பா."

அவள் நின்றுவிட்டாள்.

"அம்மாகிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாது. எழுப்புன்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லல, பாத்தியா? நீ குடுக்காம இருந்தது நிஜம். நான் கேக்காம இருந்ததும் நிஜம்."

"இதை எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"நீ சொன்னியே. நடந்துகிட்டே பேசு, கை வலிக்குது."

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் துடைக்கக் கை காலியாக இல்லை. கட்டிலை வாசல்வரை கொண்டுபோய் வைத்தார்கள். இரும்புக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமான சாமான்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடக் கூட்டம் அலைமோதியது. தம்பி அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தான். அண்ணன் இரண்டு முறை தன் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தார். இரண்டாவது முறை போயிருந்தபோதுதான் எழுத்தர் அவரைக் கூப்பிட்டார்.

"எங்கம்மா போனார் மனுஷன்?"

"பாத்ரூம் போயிருக்கார். வருவார், பொறுங்க" என்று அவள் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

கையெழுத்து ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. வீடு வாங்கியவர் கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போனார். அண்ணனும் தங்கையும் படிக்கட்டில் நின்றார்கள். இனி பதினோரு மணிக்குப் போக இடமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது.

"நேரா வீட்டுக்கா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை. கொஞ்சம் நடக்கணும். எங்கன்னு தெரியல."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார், பார்க்காமல் இறக்கிக்கொண்டார்.

"நானும் வரேன். ஆனா வழியில பாத்ரூம் இருக்கிற தெருவாப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

"வாங்க" என்று குடையை விரித்தாள். "இந்த ஊர்ல தண்ணி வர்ற இடம் எல்லாம் எனக்குத் தெரியும்."